எஸ்இஎம் பயிற்சிக்கு 5 நாள் போகிறவர் எதைக் கற்று வர வேண்டும்?

கேள்வி இதுதான்: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர், காரைக்குடிப் பக்கம் முலாம் பூசும் தொழிற்கூடம் ஒன்றில் தரப் பிரிவு டெக்னீஷியன். நிறுவனம் டங்ஸ்டன் ஃபிலமென்ட் (எலக்ட்ரானை உமிழும் கம்பி) உள்ள எஸ்இஎம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) ஒன்றும், தனிமங்களைக் காட்டும் ஈடிஎஸ்ஸும் வாங்குகிறது. அதற்காக அவரை 5 நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். “திரும்பி வந்ததும் நானே தனியாக மெஷினை ஓட்டிவிடலாமா? போவதற்கு முன் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?”

ஓட்டலாம். ஆனால் 5 நாளில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் அளவுக்கு வராது. படம் எடுக்க முதல் நாள் மதியத்துக்குள் யாருக்கும் வந்துவிடும். இன்றைய மென்பொருளில் ஆட்டோ ஃபோகஸ், ஆட்டோ பிரைட்னஸ் எல்லாம் இருக்கிறது. வராதது, வந்த படம் ஏன் கெட்டிருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லும் கண். அதனால் பயிற்சியில் நல்ல படம் எடுக்க மட்டும் கற்காதீர்கள். வேண்டுமென்றே கெட்ட படம் எடுத்து, அதைத் திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சியாளரிடம் முதல் நாளே இதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மெஷினுக்கு நான்கு பேருக்கு மேல் உட்கார வைக்கும் வகுப்பு என்றால், மெஷினின் நாப் (திருகு) உங்கள் கைக்கு வரவே வராது. சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சாம்பிளை நீங்களே கொண்டு போங்கள். பயிற்சி மையங்களில் பெரும்பாலும் கார்பன் மேல் தங்கத் துகள், தகரக் குண்டு மாதிரியான சாம்பிள்தான் வைத்திருப்பார்கள். அதில் யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும். உங்கள் பையில் நான்கு துண்டு இருக்கட்டும்: நல்லபடியாக முலாம் ஏறிய ஒன்று, உரிந்த ஒன்று, துருப்பிடித்த ஒன்று, உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒரு சில்லு. நான்காவது எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன்.

சாம்பிள் தயாரிப்புதான் பாதி வேலை. வகுப்பில் இதை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுவார்கள், நீங்கள் கடக்காதீர்கள். கையுறை இல்லாமல் சாம்பிளைத் தொட்டால் விரலின் எண்ணெய், சாம்பிள் வைக்கும் வெற்றிட அறையான சேம்பருக்குள் போகும். எலக்ட்ரான் பீம் விழும் இடத்தில் அது கார்பனாகப் படியும். இதைச் சோதிக்க ஒரு வழி: 20,000 மடங்கில் ஒரே இடத்தில் ஒரு நிமிடம் ஸ்கேனை விட்டுவிட்டு, பிறகு 5,000க்கு இறங்கிப் பாருங்கள். நடுவில் கறுத்த சதுரம் தெரிந்தால் சாம்பிளோ சேம்பரோ அழுக்கு. அசிட்டோனில் அல்ட்ராசானிக் 5 நிமிடம், அடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிடம், பிறகு உலர்ந்த காற்று. உலோகத் துண்டுக்கு இது போதும். துருவை ஆராய வந்த சாம்பிளை மட்டும் இப்படிக் கழுவாதீர்கள். அதிலிருக்கும் குளோரைடுதான் நீங்கள் தேடி வந்தது. கழுவினால் அது போய்விடும்.

முலாமின் தடிமன் அளக்க வேண்டுமானால் குறுக்கு வெட்டு வேண்டும். அப்படியே அறுத்தால் முலாமின் ஓரம் நொறுங்கும், தேய்க்கும்போது உருண்டு போகும். அதனால் அறுப்பதற்கு முன்பே மேலே இன்னொரு உலோக முலாம் ஏற்றிக் காப்பு கொடுக்க வேண்டும். சாம்பிளைப் பேக்கலைட் பிளாஸ்டிக்கில் பதித்து மவுன்ட் செய்பவர்கள் கார்பன் கலந்த, மின்சாரம் கடத்தும் வகையை வாங்குங்கள். சாதா பேக்கலைட் சேம்பருக்குள் சார்ஜ் ஆகிப் படத்தைக் கெடுக்கும். எமரி தாளில் 240, 400, 600, 800, 1200 என்று போக வேண்டும். ஒவ்வொரு தாளிலும் சாம்பிளை 90 பாகை திருப்பி, முந்தின தாளின் கோடு ஒன்று விடாமல் மறையும் வரை தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் கடைசியில் 1 மைக்ரான் வைரப் பசையில் அரை மணி நேரம் மெழுகியும் கோடு போகவில்லை என்று நிற்பார்கள். துத்தநாக முலாம் என்றால் கடைசிப் பாலிஷில் தண்ணீரைத் தவிர்த்து ஆல்கஹால் அடிப்படையிலான திரவம் போடுங்கள்; தண்ணீரில் துத்தநாகம் உடனே மங்கும்.

வெட்டு செங்குத்தாக இல்லாவிட்டால் தடிமன் கூடித் தெரியும். 10 பாகை சாய்ந்தால் ஒன்றரை சதவீதம் பிழை, அது போகட்டும் என்று விடலாம். 20 பாகை சாய்ந்தால் 6 சதவீதத்துக்கு மேல். எஸ்இஎம்மில் குறுக்கு வெட்டு வைத்துத் தடிமன் அளப்பதற்கென்றே ஏஎஸ்டிஎம் பி748 என்ற தரநிலை இருக்கிறது. பயிற்சிக்குப் போகும் முன் படிக்க ஒன்றே ஒன்று என்றால் அதைப் படியுங்கள்.

இனி கை பழக வேண்டிய வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மங்கலான படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன.

20 கேவி (எலக்ட்ரானை முடுக்கும் கிலோவோல்ட்), வேலைத் தூரம் (லென்ஸிலிருந்து சாம்பிள் வரை) 10 மி.மீ. வையுங்கள். கூர்மையான ஓரமுள்ள ஒரு தூசித் துகளைத் தேடிப் பிடித்து 10,000 மடங்குக்குப் போங்கள். முதலில் அபர்ச்சர், அதாவது பீம் கடந்து வரும் சிறு துளை. வாபிள் பொத்தானை அழுத்தினால் ஃபோகஸ் தானாக முன்னும் பின்னும் போய் வரும். துகள் இருந்த இடத்திலேயே பெருத்துச் சிறுத்தால் அபர்ச்சர் நடுவில் இருக்கிறது. இடமும் வலமுமாகவோ மேலும் கீழுமாகவோ நகர்ந்தால் நடுவில் இல்லை. எக்ஸ், ஒய் திருகுகளைத் திருகி நகர்வை நிறுத்துங்கள். வாபிளை அணைத்துவிட்டு ஃபோகஸ் நாபை மெதுவாக ஒரு பக்கம் திருப்புங்கள். துகள் ஒரு திசையில் இழுபடும். மறு பக்கம் திருப்பினால் அதற்குச் செங்குத்தான திசையில் இழுபடும். இந்த இரண்டுக்கும் நட்டநடுவில், எந்தப் பக்கமும் இழுக்காமல் வெறுமனே மங்கலாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. அங்கேயே நிறுத்துங்கள். இப்போது ஃபோகஸைத் தொடாமல் பீமின் வட்டம் கோணலாவதைத் திருத்தும் ஸ்டிக்மேட்டரில் எக்ஸைத் திருகி அதிகபட்சக் கூர்மை, பிறகு ஒய்யில் அதிகபட்சக் கூர்மை. மறுபடி ஃபோகஸ், மறுபடி எக்ஸ், ஒய். இரண்டாம் சுற்றில் படம் ‘சட்’டென்று தெளியும்.

வரிசை முக்கியம். அபர்ச்சர் சரியில்லாமல் ஸ்டிக்மேட்டரைத் திருகினால் எவ்வளவு திருகினாலும் தெளியாது; திருகத் திருகப் படமே வேறு இடத்துக்கு ஓடும். இன்னொன்று, 3,000 மடங்கில் படம் வேண்டுமென்றால் 9,000இல் ஃபோகஸ் செய்து இறங்கி வந்து எடுங்கள். 3,000இலேயே ஃபோகஸ் செய்தால் திரையில் நன்றாகத் தெரியும், பிரின்டில் மொத்தையாக வரும்.

பயிற்சி மையத்தில் இதை வைத்து ஒரு பழக்கம் செய்யுங்கள். கூட வந்தவர் உங்களுக்குத் தெரியாமல் அபர்ச்சர், ஃபோகஸ், ஸ்டிக்மேட்டர் மூன்றையும் கலைத்துவிடட்டும். நீங்கள் 2 நிமிடத்துக்குள் மீட்க வேண்டும். ஒரு நாளைக்கு பத்து தடவை என்று மூன்று நாள் செய்தால் விரல் தானாகப் போகும்.

இப்போது அந்த ஆத்தங்குடிக் கல். சூளையில் சுடாத கல் அது. கண்ணாடி மேல் வண்ணச் சாந்து ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மின்சாரம் கடத்தாது, உள்ளே நுண்துளை, துளைக்குள் ஈரம். எஸ்இஎம்முக்குப் பிடிக்காத மூன்றும் ஒரே சில்லில் இருக்கிறது, பயிற்சிக்கு இதைவிட நல்ல சாம்பிள் கிடையாது. முதலில் அப்படியே உள்ளே வைத்துப் பாருங்கள். வேக்கம் (சேம்பரின் வெற்றிடம்) இறங்கவே இறங்காது. துளையிலிருந்து நீராவி வந்துகொண்டே இருக்கும். வெளியே எடுத்து 60 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைத்து, மறுநாள் வைத்தால் சீக்கிரம் இறங்கும். கோட்டிங் போடாமல் 20 கேவியில் பாருங்கள். ஓரங்கள் வெள்ளையாக எரியும், மெதுவாக ஸ்கேன் செய்தால் படம் பட்டை பட்டையாகத் தாவும். கடத்தாத பரப்பில் எலக்ட்ரான் தேங்குவதால் வருவது; இதுதான் சார்ஜிங். கேவியை 3க்கு இறக்குங்கள், பட்டை குறையும், ஆனால் டங்ஸ்டன் மெஷினில் படம் மணல் மணலாக வரும். வேகமான ஸ்கேனில் 32 ஃபிரேமைச் சராசரி எடுங்கள், இன்னும் குறையும். உங்கள் மெஷினில் லோ வேக்கம் இருந்தால் சேம்பரில் 40 பாஸ்கல் அளவுக்குக் காற்றை விட்டு, பின்சிதறல் டிடெக்டரில் (சாம்பிளில் மோதித் திரும்பும் எலக்ட்ரான்களைப் பிடிப்பது) பாருங்கள். சார்ஜ் அடங்கும், சிவப்புக் கல்லில் இரும்பு ஆக்ஸைடு துகள்கள் சாம்பல் நிற சிமென்ட்டுக்குள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அணு எண் பெரிய தனிமம் அந்த டிடெக்டரில் வெளிச்சமாகத் தெரியும் என்பதைப் புத்தகத்தில் பத்து தடவை படிப்பதைவிட இதை ஒரு தடவை பார்ப்பது மேல்.

கடைசியாகத் தங்கக் கோட்டிங். 10 நானோமீட்டர் போதும். போட்ட பிறகும் சார்ஜ் ஆனால் கோட்டிங்கைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் குறை மேலே இல்லை, பக்கவாட்டில் இருக்கும். கல்லின் கரடுமுரடான பக்கச் சுவரில் தங்கம் படியாததால், மேற்பரப்பிலிருந்து, சாம்பிளைத் தாங்கும் ஸ்டப்புக்கு மின்பாதை இல்லை. மேல் ஓரத்திலிருந்து ஸ்டப் வரை சில்வர் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, நன்றாகக் காயவிட்டு வையுங்கள். ஈரப் பெயிண்டோடு உள்ளே வைத்தால் அதன் கரைப்பான் அத்தனையும் வேக்கத்துக்குள் போகும்.

அடுத்து கேவி. வகுப்பில் 20 கேவி என்று சொல்லித் தருவார்கள், வந்தவர்கள் ஆயுசுக்கும் 20இலேயே ஓட்டுவார்கள். எலக்ட்ரான் மேற்பரப்போடு நிற்பதில்லை. நிக்கலில் 20 கேவியில் சுமார் 1.4 மைக்ரான் ஆழம் போகும். 5 கேவியில் 0.14 மைக்ரான்தான். அலங்கார குரோமிய முலாம் அரை மைக்ரானுக்கும் குறைவு. அதன் மேல் 20 கேவியில் ஈடிஎஸ் எடுத்தால் கீழே உள்ள நிக்கலும் சேர்ந்து வரும். “குரோமியத்தில் நிக்கல் கலந்திருக்கிறது” என்று ரிப்போர்ட் எழுதினால் அது பொய். 10 கேவிக்கு இறக்கினாலும் அரை மைக்ரான் வரை போகும் என்பதால் முழுதாகத் தப்ப முடியாது. மெல்லிய முலாமில் வரும் சதவீதம் அடுக்குகளின் கலவைதான், அந்த முலாமின் கலவை அல்ல. வெவ்வேறு கேவியில் எடுத்து, நிக்கல் குறைந்துகொண்டே போகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அது அடியில் இருக்கிறது.

ஈடிஎஸ்ஸில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய எக்ஸ்ரே ஆற்றலில் (கேஇவி) ஒரு உச்சி காட்டும்; அதுதான் பீக், கே, எல் என்பவை அதன் வகைகள். அவற்றுக்கு மென்பொருள் தானாக ஒட்டும் பெயர்களை நம்பக் கூடாது. முலாம் வேலையில் அடிக்கடி மாட்டும் மூன்றைச் சொல்கிறேன்.

துத்தநாகத்தின் எல் பீக் 1.01 கேஇவி, சோடியத்தின் கே பீக் 1.04. டிடெக்டரால் இரண்டையும் பிரிக்க முடியாது. மண்டபத்தில் சிக்ரியின் (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) கடலோர அரிமான ஆய்வு மையம் இருக்கிறதே, அந்த மாதிரிக் கடற்கரையில் வைத்து எடுத்த கால்வனைஸ்டு தகட்டில் “சோடியம் 6 சதவீதம்” என்று மென்பொருள் சொன்னால், உப்பும் இருக்கலாம், வெறும் துத்தநாகமாகவும் இருக்கலாம். உப்புதானா என்று தெரிய 2.62இல் தனியாக நிற்கும் குளோரின் பீக்கைப் பாருங்கள். துத்தநாகம் எவ்வளவு என்பதற்கு 8.63இல் உள்ள அதன் கே பீக்கைப் பாருங்கள்.

கந்தகம் 2.31, ஈயம் 2.34. குரோமியத் தொட்டியில் ஈய ஆனோடு வைத்திருப்பவர்கள் அடியில் படியும் சகதியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது இது வரும். ஈயத்தின் எல் பீக் 10.55இல் இருக்கிறது, அதை எழுப்ப 20 கேவியாவது வேண்டும். அது இருந்தால் ஈயம் உண்டு, இல்லையென்றால் 2.3இல் இருப்பது பெரும்பாலும் கந்தகம்.

மூன்றாவது, நாமே வரவழைத்துக்கொள்ளும் தொல்லை. மின்சாரம் இல்லாமல் பூசும் நிக்கல்-பாஸ்பரஸ் முலாமில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். பாஸ்பரஸ் 2.01, தங்கம் 2.12. பழக்க தோஷத்தில் தங்கம் பூசிவிட்டு எடுத்தால் பாஸ்பரஸ் அளவு கோணலாகும். அந்த முலாம் தானே மின்சாரம் கடத்தும், கோட்டிங்கே வேண்டாம். கடத்தாத சாம்பிளில் ஈடிஎஸ் வேண்டுமென்றால் கார்பன் பூசுங்கள்.

ஈடிஎஸ்ஸால் முடியாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள், கேட்க வருபவர்கள் விடமாட்டார்கள். ஹைட்ரஜன் தெரியாது. 0.1 சதவீதத்துக்குக் கீழே உள்ளதை நம்பிச் சொல்ல முடியாது. குரோமியம் மூன்று இணைதிறனா ஆறு இணைதிறனா என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு சோதனை. மேடுபள்ளமான பரப்பில் எடுத்த சதவீதத்தை “12.37” என்று இரண்டு தசமத்தோடு எழுதுவது தவறு. அளவறி ஈடிஎஸ்ஸுக்கு ஐஎஸ்ஓ 22309 என்ற தரநிலை இருக்கிறது. பரப்பு தட்டையாக, பாலிஷோடு இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஃபிலமென்ட் மாற்றுவதைப் பயிற்சியில் உங்கள் கையால் ஒரு தடவையாவது செய்யாமல் வராதீர்கள். டங்ஸ்டன் ஃபிலமென்ட் நூறு மணி நேரத்தைத் தாண்டினாலே நல்ல ஆயுள், ஆகவே இது உங்களுக்கு அடிக்கடி வரும் வேலை. அறுந்த ஃபிலமென்டைத் தூக்கி எறியும் முன் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முனை தேய்ந்து தேய்ந்து மெலிந்து அறுந்திருந்தால் வயதாகிப் போனது. முனையில் உருகிய குண்டு மாதிரி இருந்தால் அதிகச் சூட்டில் ஓட்டியிருக்கிறீர்கள். சாச்சுரேஷன் (ஃபிலமென்ட் போதிய சூடேறி வெளிச்சம் உச்சிக்குப் போகும் நிலை) தேடும்போது கரன்ட் ஏற ஏற வெளிச்சம் ஒரு இடத்தில் கூடி, மறுபடி குறைந்து, பிறகு உண்மையான உச்சிக்குப் போகும். முதல் உச்சியில் ஏமாந்து நின்றால் படம் நிலையாக இராது. உண்மை உச்சியைத் தாண்டித் திருகினால் வெளிச்சம் கூடாது, ஆயுள்தான் குறையும். புது ஃபிலமென்ட்டை வெனெல்ட் மூடியின் துளைக்கு நட்டநடுவில் வைத்து, மூடியைப் பளபளவென்று துடைத்து, துடைத்த பசை ஒரு துளிகூட மிஞ்சாமல் அல்ட்ராசானிக்கில் கழுவுங்கள். மிஞ்சினால் ஹை வோல்டேஜ் போடும்போது பொறி தட்டும்.

மெஷின் வைக்கும் அறையைப் பற்றி ஒன்று, இது நம் ஊருக்கே உரியது. செட்டிநாட்டில் பல இடத்தில் அடியில் செம்பூரான் கல். சித்திரை வைகாசியில் மண் காய்ந்து எர்த் குழியின் மின்தடை ஏறிவிடும். ஐப்பசி மழையில் ஒழுங்காக இருந்த மெஷின் கோடையில் நேர்க்கோட்டை ரம்பப் பல் மாதிரி காட்ட ஆரம்பிக்கும். இது 50 ஹெர்ட்ஸ் இடையூறா, அதிர்வா என்று பிரிக்க வேண்டும். வேலைத் தூரத்தைக் குறைத்துக் கேவியை ஏற்றுங்கள். பல் சிறுத்தால் காந்தப் புலம்தான் காரணம்: பக்கத்தில் ஓடும் கேபிள், ஏசி, லிஃப்ட் எதுவாகவும் இருக்கலாம். மாறவே இல்லையென்றால் அதிர்வு; ரோட்டரி பம்பின் குழாய் மேஜையைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்இஎம்முக்குத் தனி எர்த் குழி வெட்டி, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி, மின்தடையை எழுதி வையுங்கள். யூபிஎஸ் இல்லாமல் மெஷினை இறக்கவே வேண்டாம். மின்சாரம் போய் பம்ப் நின்றால், வால்வு சரியாக மூடாத மெஷினில் எண்ணெய் ஆவி மேலே ஏறும். அதன் பிறகு கறுப்புச் சதுரம் எல்லா சாம்பிளிலும் வரும்.

பயிற்சி முடிந்து வந்த பிறகு தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க 40 மணி நேரமாவது ஓட்டுங்கள். நம் ஊரிலேயே இதற்கு வழி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி மின்வேதியியலுக்கென்றே இருப்பது. முலாமும் அரிமானமும் அங்கே அன்றாட வேலை. அங்கே எஸ்இஎம், டிஇஎம் (எலக்ட்ரான் சாம்பிளை ஊடுருவிப் போகும் மைக்ரோஸ்கோப்) இரண்டும் உண்டு. சிக்ரி சேர்ந்துள்ள சிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல் ஆய்வு மன்றம்) ஆய்வகங்கள் திறன் பயிற்சி நடத்துகின்றன. அடுத்த வகுப்பு எப்போது, செய்முறை எத்தனை மணி நேரம் என்று நேரில் போய்க் கேளுங்கள். எந்த ஆய்வகத்தில் எந்த மெஷின் வெளியாருக்குக் கிடைக்கும் என்பதை மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் பார்க்கலாம். டிஇஎம் பயிற்சியையும் இப்போதே சேர்த்துப் படிக்கலாமா என்றால் வேண்டாம். 3 மி.மீ. கிரிடில் 100 நானோமீட்டருக்கும் மெல்லிய சாம்பிள் செய்யவே மாதக்கணக்கில் பழக வேண்டும். உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது.

மெஷின் வந்து இறங்கும் நாளில் அளவுக்கோட்டைச் சரிபார்க்கச் சான்றளிக்கப்பட்ட கிரேட்டிங் (இடைவெளி தெரிந்த கோடுகள் கொண்ட தகடு) ஒன்றையும் சேர்த்து ஆர்டரில் போடச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் ஆறு மாதம் இழுப்பார்கள். ஐஎஸ்ஓ 16700 சொல்கிறபடி அதை வைத்து நீங்கள் உண்மையில் வேலை செய்யும் கேவியிலும் வேலைத் தூரத்திலும் அளவைச் சரிபார்த்துக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: தேதி, ஃபிலமென்ட் மணி நேரம், வேக்கம் எத்தனை நிமிடத்தில் வந்தது, எர்த் அளவு. வழக்கமாக 4 நிமிடத்தில் வரும் வேக்கம் ஒரு நாள் 9 நிமிடம் எடுத்தால், கதவு ஓ-ரிங்கில் ஒரு முடி ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சர்வீஸ்காரரைக் கூப்பிடுவது அப்புறம்.